பன்னிரண்டு ஊர் நோட்டு

அத்தியாயம் பதினொன்று

வெண்டல் கங்கல் வாக்குக் கொடுத்தார் என்பதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். உங்களில் யாருக்காவது மறந்திருந்தால் பரவாயில்லை, கொடுத்தவருக்கே பாதி மறந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, மனைவி மார்லிஸ் செய்த கோழி நூடுல்ஸை உருளைக்கிழங்கு மசியல்மேல் ஊற்றி இரண்டு தட்டு சாப்பிட்டு, மகள் ட்ரீனாவைச் சாட்சியாக வைத்துக்கொண்டு சொன்ன வாக்கு அது. சனிக்கிழமை நாணயக் கண்காட்சியில் கழுகு நோட்டை விற்பது. அன்றைக்கே டொலோரஸிடம் வீட்டுக்கு முன்பணம் கட்டுவது.

கழுகு நோட்டு என்றால் ஆயிரம் டாலர் நோட்டு. 1918-ல் அச்சானது, பின்பக்கம் சிறகை விரித்த கழுகு. அந்தக் காலத்தில் அரசாங்கம் ஐந்நூறு, ஆயிரம் என்றெல்லாம் நோட்டு அடித்தது, பிறகு நிறுத்திவிட்டது. நிறுத்தியதுதான் தாமதம், அதைத் தேடிப் பிடித்துச் சேர்க்க ஒரு கூட்டம் கிளம்பியது. நம் வெண்டலும் அதில் ஒருவர். பேரிங் ஆலையில் ஆயுசில் பாதியைக் கழித்து ஓய்வு பெற்றவர். கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் வயதான காலத்துக்கென்று பங்குகளில் பணம் போட்டார்கள். வெண்டல் நோட்டில் போட்டார். காசைக் காசிலேயே போட்டு வைக்கிறேன், இதைவிடப் பத்திரமான இடம் எது என்பது அவர் வாதம். விலை ஏறத்தான் செய்தது. ஆனால் ஏறின விலையை அவர் ஒரு தடவைகூடக் கையில் வாங்கியதில்லை. இன்னும் ஏறும் என்பார்.

மார்லிஸுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. படியில்லாத வீடு.

பள்ளிக்கூடச் சமையலறையின் சிமென்ட் தரையில் நின்று நின்று அவளுடைய இரண்டு முட்டியும் போய்விட்டன. அவள் வீட்டிலோ படுக்கையறையும் குளியலறையும் மாடியில், துணி துவைக்கும் இயந்திரம் நிலவறையில். துணிக்கூடையை மேல்படியில் வைத்துவிட்டு, ஏணியில் இறங்குகிற மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு இறங்கி, கூடையை ஒவ்வொரு படியாக இழுத்துக்கொண்டு போவாள். மார்ச் மாதம் அப்படி இறங்கும்போது கூடை முந்திக்கொண்டது. அவளும் கூடவே போனாள். அன்றைக்கு அந்த நிலவறைத் தரையில் கிடந்தபடி, இனி இந்த வீட்டில் ஒரு குளிர்காலம் இருக்கமாட்டேன் என்று முடிவு கட்டினாள்.

டொலோரஸ் பிக்ஸ்லர் அவளோடு தேவாலயத்தில் பாட்டுக்குழுவில் பாடுகிறவள். தன் அம்மா காலமானதால் அவர் இருந்த வீட்டை விற்கப் போகிறாள். முழு வீடும் ஒரே தளம். அடுப்படிக்குப் பக்கத்திலேயே துவைக்கும் இயந்திரம். வாசலில்கூடப் படி கிடையாது, சக்கர நாற்காலி ஏறுகிற மாதிரி சாய்வான சறுக்கல் தளம். கிளீவ்லாண்டிலிருந்து ஒரு ஆள் கூடுதல் விலை சொல்லிக்கொண்டு நிற்கிறான். பழகின தோஷத்துக்காக டொலோரஸ் ஒரு அவகாசம் கொடுத்திருந்தாள். சனிக்கிழமை நாலு மணிக்குள் ஐயாயிரம் ரொக்கம் கையில் வைத்தால் வீடு மார்லிஸுக்கு. இல்லையென்றால் கிளீவ்லாண்ட்காரனுக்கு.

வங்கிக் கணக்கில் ஐயாயிரம் இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். ஜனவரியில் வீட்டைச் சூடாக்குகிற இயந்திரத்தை மாற்றின பிறகு அதில் ஒன்றும் இல்லை. மீதி எல்லாம் வெண்டலின் தகரப் பெட்டியில்தான்.

ஆலைக்குச் சாப்பாடு கொண்டுபோன அதே பெட்டி. சாப்பாட்டுப் பெட்டியை எவன் திருடப் போகிறான் என்று அதிலேயே வைத்திருந்தார். சனிக்கிழமை காலை அதைத் திறந்து சரிபார்த்தபோது மார்லிஸ் எட்டிப் பார்த்தாள். கழுகு மட்டும் இல்லை. பத்து ஐந்நூறு டாலர் நோட்டும் உள்ளே இருந்தன.

அந்தப் பத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மத்திய வங்கிக்குப் பன்னிரண்டு ஊர்களில் கிளை. நோட்டில் அந்தந்த ஊர்ப் பெயர் இருக்கும். பாஸ்டன், ரிச்மண்ட், அட்லாண்டா, சிகாகோ என்று ஊருக்கு ஒன்றாக வெண்டல் சேர்த்துக்கொண்டே வந்தார். பத்து ஊர் ஆகிவிட்டது. டல்லஸும் மின்னியாபொலிஸும் பாக்கி, அந்த இரண்டு ஊர் நோட்டும் அபூர்வம், விலையும் எக்கச்சக்கம். எல்லாவற்றிலும் ஒரே முகம், ஜனாதிபதி மெக்கின்லி. பக்கத்து ஊரில்தான் அவர் கல்லறை இருக்கிறது என்பதில் வெண்டலுக்கு ஒரு தனிப் பெருமை, ஏதோ சித்தப்பா முறை என்பது போல.

"கழுகைத்தானே விக்கப் போறோம். இதெல்லாம் எதுக்கு?" என்று மார்லிஸ் கேட்டாள்.

"சும்மா. ஒப்பிட்டுப் பார்க்க."

அந்தப் பதிலை அவள் நம்பவில்லை. ஆனால் சண்டை போட நேரமில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு காரில் ஏறினாள்.

ஆகஸ்டில் கொழுத்த பன்றிக்குப் பரிசு கொடுக்கிற போட்டி நடக்குமே, அந்தக் கண்காட்சி மைதானத்துக் கொட்டகையில்தான் நாணயக் கண்காட்சி. நீளநீளமாக மேஜைகள், மேஜைக்கு ஒரு விளக்கு, விளக்குக்குப் பின்னால் ஒரு வியாபாரி. ஆர்வில் ஸ்டட்ஸ் என்பவர்தான் வெண்டலுக்கு வழக்கமான ஆள். பத்தில் ஆறு நோட்டை அவரிடம்தான் வாங்கியிருக்கிறார்.

வெண்டல் பெட்டியைத் திறந்து கழுகை எடுத்து நீட்டினார். நீட்டின கையில் ஒரு தயக்கம் இருந்ததை மார்லிஸ் கவனித்தாள். பெண்டாட்டி கவனிக்காமல் வேறு யார் கவனிப்பார்கள்.

இந்த நோட்டுகளைச் சும்மா பையில் வைப்பதில்லை. தரம் பார்க்கிற கம்பெனிக்கு அனுப்பினால் அவர்கள் எழுபதுக்கு இவ்வளவு என்று மார்க் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து முத்திரை வைத்து அனுப்புவார்கள். வாங்குகிறவன் முதலில் நோட்டைப் பார்ப்பதில்லை, மார்க்கைத்தான் பார்க்கிறான். ஸ்டட்ஸும் அதைத்தான் பார்த்தார். பிறகு மார்க்குக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த வரியைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார்.

"போன வருஷம் இது வேற உறையில இருந்துச்சே, வெண்டல்," என்றார்.

வெண்டல் பெட்டியில் இருந்த மற்ற உறைகளை அடுக்க ஆரம்பித்தார்.

"நாற்பது மார்க்கோட இருந்துச்சு. நானே இருபத்திரண்டாயிரம் கேட்டேன். நீ தரமாட்டேன்னுட்ட." ஸ்டட்ஸ் உறையை விளக்கடியில் சாய்த்தார். "இப்ப என்னடான்னா, கழுவி அழுத்தினதுன்னு போட்டிருக்கான். யாரு கழுவினா?"

யார் கழுவினார் என்பதை மார்லிஸ் அந்த இடத்தில் நின்றபடியே தெரிந்துகொண்டாள். வெண்டல் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லச் சொல்ல, விஷயம் துண்டுதுண்டாக வந்தது. நாற்பது மார்க் அந்த நோட்டுக்கு அநியாயம் என்று அவருக்கு ஒரு எண்ணம். நடுவில் இருந்த ஒரு மடிப்பு மட்டும் இல்லையென்றால் ஐம்பத்தைந்து வரும் என்று கணக்கு. போன அக்டோபரில் முத்திரை வைத்த உறையை வெட்டி, நோட்டை வெளியே எடுத்து, ஈரத்தாளில் வைத்து, இரண்டு அகராதிகளுக்கு நடுவில் அழுத்தி மடிப்பை எடுத்திருக்கிறார். மடிப்பும் போயிற்று. கூடவே நோட்டின் உயிரும் போயிற்று. கம்பெனிக்காரன் கண்ணுக்கு இதெல்லாம் தப்புமா.

போன அக்டோபரில் அவளுடைய கோழி வெட்டுகிற கத்தரிக்கோல் இரண்டு நாள் காணாமல் போயிருந்தது. ட்ரீனாதான் எடுத்துப் போய்விட்டாள் என்று அவளைத் திட்டியதுகூட மார்லிஸுக்கு நினைவுக்கு வந்தது.

"என் கத்தரியா?" என்றாள்.

"அதுதான் கூர்மையா இருந்துச்சு," என்றார் வெண்டல்.

முகமெல்லாம் சூடேறியது அவளுக்கு. இருபத்திரண்டாயிரம் போனது ஒரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை நூடுல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டே வாக்குக் கொடுத்தபோது இவ்வளவும் தெரிந்துதானே கொடுத்தார் என்பதுதான் அதைவிட எரிந்தது.

ஸ்டட்ஸ் நல்ல மனிதர். கழுவினாலும் கழுகு கழுகுதான், ஒன்பதாயிரம் தருகிறேன் என்றார். வெண்டல் ஒப்பவில்லை. மற்ற மேஜைகளிலும் கேட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பினார். அடுத்த மேஜைக்காரன் ஏழு என்றான். அதற்கடுத்தவன் ஆறரை. நாலாவது ஆள் உறையை வாங்கக்கூட இல்லை, வேண்டாமென்று தலையை மட்டும் ஆட்டினான். இவர்கள் நடந்து போவதற்குள் கொட்டகை முழுக்கச் சேதி நடந்து போயிருந்தது. ஒவ்வொரு மேஜைக்கும் மார்லிஸ் கூடவே நொண்டிக்கொண்டு போனாள். முட்டி ரெண்டும் கெஞ்சின.

கடைசியில் சுற்றி வந்து மறுபடி ஸ்டட்ஸ் முன்னால் நின்றார்கள். இதற்குள் மார்லிஸுக்குக் கோபம் கொஞ்சம் அடங்கி, கணக்கு வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. ஒன்பது ஐந்தைவிடப் பெரிசுதானே. வீடு இன்னும் கையைவிட்டுப் போகவில்லை.

"ஒன்பதுக்குக் குடுத்துடு, வெண்டல். போனது போகட்டும். நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

வெண்டல் சரியென்று தலையசைத்தார். அவள் கண்ணாலேயே பார்த்தாள், தெளிவாகத் தலையசைத்தார்.

அதை நம்பித்தான் அவள் மூலையில் தேவாலயப் பெண்கள் போட்டிருந்த சாப்பாட்டுக் கடைக்குப் போனாள். உதிர்த்த கோழிக்கறி வைத்த பன் ஒன்று, வெந்நீர் மாதிரி ஒரு காப்பி. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டியதும்தான் உயிர் வந்தது. ட்ரீனாவைப் போனில் கூப்பிட்டாள். ட்ரீனா டொலோரஸோடு அந்த வீட்டிலேயே காத்திருந்தாள், கொண்டாட்டத்துக்கென்று ஆப்பிள் வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் ஒன்றும் வாங்கி வைத்திருந்தாளாம். முடிந்துவிட்டது என்று டொலோரஸிடம் சொல்லச் சொன்னாள் மார்லிஸ். அந்தப் பக்கம் மகள் டொலோரஸிடம் சொல்வதும், டொலோரஸ் நிம்மதி என்று சொல்வதும் கேட்டது. அந்த வீட்டு அடுப்படி ஜன்னலுக்கு மஞ்சள் திரை போட வேண்டும் என்று மார்லிஸ் பன்னைக் கடித்துக்கொண்டே நினைத்தாள். அந்த ஐந்து நிமிஷம் அவள் சந்தோஷமாக இருந்தாள். அதையாவது யாரும் இல்லையென்று சொல்ல முடியாது.

திரும்பி வந்தபோது வெண்டல் முகம் ஜொலித்தது.

ஒன்பதாயிரம் கைக்கு வந்த முகமா அது? முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் பண்ணினவளுக்குத் தெரியாதா. பணம் வந்தால் அவர் முகம் அப்படி ஆகாது. நோட்டு வந்தால்தான் ஆகும்.

"மார்லிஸ், இங்க பாரு," என்று இரண்டு கையாலும் ஒரு உறையைத் தூக்கிக் காட்டினார். "டல்லஸ்."

அவள் பார்த்தாள். மெக்கின்லி பார்த்தார். மற்ற பத்து மெக்கின்லிகளுக்கும் இந்த மெக்கின்லிக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"பணம் எங்க?"

"மாத்திக்கிட்டோம். அது குடுத்து இது. ஸ்டட்ஸ் கொண்டுவந்திருந்தார், நான் எதிர்பார்க்கவே இல்ல. இருபது வருஷத்துல இவ்வளவு நல்ல டல்லஸ் நான் பார்த்ததில்ல. இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி, மின்னியாபொலிஸ். பன்னிரண்டும் சேர்ந்துச்சுன்னா விலையே வேற. அப்புறம் ஒரு வீடு என்ன, ரெண்டு வீடு வாங்கலாம்."

"நாலு மணிக்கு ஐயாயிரம் கட்டணும், வெண்டல்."

"டொலோரஸ்கிட்ட நான் பேசறேன். ஒரு மாசம் பொறுத்துக்குவா."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். உடைத்த தாழியைக் கையில் வைத்துக்கொண்டு, பார் எவ்வளவு நல்ல ஓடு என்று காட்டுகிற மனுஷரை மார்லிஸ் அன்றைக்குத்தான் பார்த்தாள். அழுகை வரவில்லை. வந்தால் தேவலை என்றிருந்தது.

ஸ்டட்ஸிடம் திரும்பினாள். இதை ரத்து பண்ணிவிடுங்கள் என்றாள். அவர் சங்கடத்தோடு கழுத்தைத் தடவிக்கொண்டார். கொட்டகையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கை குலுக்கிவிட்டால் வியாபாரம் முடிந்தது. அதைத் திருப்பிக் கேட்கிறவனுக்கும் மரியாதையில்லை, திருப்பித் தருகிறவனுக்கும் மரியாதையில்லை. கழுகு நோட்டைக்கூட அதற்குள் மூன்று மேஜை தள்ளி யாருக்கோ கைமாற்றிவிட்டாராம்.

சரி, இந்தப் பத்தில் மூன்றையாவது எடுத்துக்கொண்டு ஐயாயிரம் கொடுங்கள் என்று கேட்டாள்.

"வெண்டல் சொன்னா இப்பவே எண்ணி வைக்கிறேன்," என்றார் ஸ்டட்ஸ். "அவரு சொல்லாம நான் தொடமாட்டேன், மார்லிஸ். பக்கத்துல நிக்கிற ஆளோட பெட்டியிலேர்ந்து எடுத்தேன்னா நாளைக்கு எவனும் எங்கிட்ட வியாபாரம் பண்ணமாட்டான்."

"அதுல பாதி நான் கரண்டி பிடிச்ச காசு."

"தெரியும். இருந்தாலும் அவரு சொல்லணும்."

வெண்டலைப் பார்த்தாள். முப்பத்தைந்து வருஷத்தில் அவரிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. இப்போது கேட்டாள். மூன்றே மூன்று, வெண்டல். போதும்.

"செட்டை உடைக்கச் சொல்றியா?" என்றார் வெண்டல். அவர் குரலில் கோபம்கூட இல்லை. பிள்ளையின் விரலை வெட்டச் சொன்னால் எப்படிக் கேட்பாரோ அப்படிக் கேட்டார். "பதினொண்ணு சேர்ந்திருக்கு. இப்பப் போய் உடைக்கச் சொல்றியே."

அதற்குள் யாரோ வந்து அவர் தோளைத் தட்டினார்கள். அந்தக் கோடியில் சிகாகோவிலிருந்து வந்திருக்கிற ஒரு வியாபாரி மின்னியாபொலிஸ் ஒன்றைப் பார்த்ததாகச் சொல்கிறானாம். வெண்டலின் கால் தானாகவே அந்தப் பக்கம் திரும்பியது. தகரப் பெட்டியை மூடி மார்லிஸின் கையில் வைத்தார்.

"பிடிச்சுக்க. கையை எடுக்காத. ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்."

அவள் பிடித்துக்கொண்டாள். கையை எடுக்கவில்லை. அப்படியே நடந்து வாசலுக்குப் போனாள், மைதானத்தைக் கடந்தாள், காரில் ஏறினாள். எப்போதும் அவர்தான் ஓட்டுவார். இருக்கையை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு, பெட்டியைப் பக்கத்தில் வைத்து, அதற்கும் பெல்ட் போட்டாள்.

போகிற வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனாள். அவரைத் திட்டினாள், ஸ்டட்ஸைத் திட்டினாள், டல்லஸ் என்ற ஊரைத் திட்டினாள். அங்கே அவளுக்கு ஒருவரையும் தெரியாது, அதனால் மனசாரத் திட்ட முடிந்தது. சோளக்காட்டுக்கு நடுவே போகிற சாலையில் திரும்பும்போதுதான் அந்த யோசனை வந்தது. ரொம்பச் சாதாரணமான யோசனை. இத்தனை வருஷமாக ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று அவளுக்கே ஆச்சரியம்.

டொலோரஸின் வீட்டுச் சறுக்கல் தளத்தில் அவள் நிமிர்ந்து நடந்து ஏறினாள். கைப்பிடியைத் தொடவில்லை.

ட்ரீனா அடுப்படி மேஜையில் ஆப்பிள் பையை நடுவில் வைத்து, தட்டுகளை அடுக்கியிருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள். மார்லிஸ் உட்கார்ந்தாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள், டொலோரஸின் காதில் விழும்படியே சொன்னாள். பிறகு பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் உறைகளை ஒவ்வொன்றாக மேஜையில் பரப்பினாள். டல்லஸை மட்டும் பெட்டியிலேயே விட்டாள்.

"பத்து ஐந்நூறு எவ்வளவு, டொலோரஸ்?"

டொலோரஸ் விழித்தாள். "ஐயாயிரம்."

"நாலு மணி ஆகலையே?"

"ஆகலை. ஆனா மார்லிஸ், இது செல்லுமா?"

பதில் சொன்னது ட்ரீனா. அவள் வங்கிக் கவுண்டரில் வேலை பார்க்கிறவள். "செல்லும். அதுதான் சிக்கல். எங்க கவுண்டருக்கு வந்தா ஐந்நூறுக்கு ஐந்நூறு குடுப்போம். அதுக்கு மேல ஒரு சென்ட் கிடையாது. அப்புறம் அதை மேல அனுப்பிடணும், வெளியே விடக்கூடாது, சட்டம். அங்க பொடிப்பொடியா வெட்டிப் போட்டுருவாங்க. அம்மா, ஒவ்வொண்ணும் ரெண்டாயிரம் போகுது. உனக்குத் தெரியுமில்ல?"

"எங்க போகுது?" என்றாள் மார்லிஸ். "இருபது வருஷமா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், ரெண்டாயிரம் போகுது, மூவாயிரம் போகுதுன்னு. எங்கயும் போகலையே. இந்தப் பெட்டியிலதானே கிடக்குது. இதுல ஐந்நூறுன்னு அச்சடிச்சிருக்கான். அதையாவது ஒரு தடவை பார்த்துடறேன்."

டொலோரஸ் கையைப் பிசைந்தாள். உன் இருபதாயிரத்தை ஐயாயிரத்துக்கு வாங்கினேன் என்று நாளைக்கு ஊர் சொல்லுமே என்றாள். திங்கட்கிழமை வரை பொறுக்கலாமா என்று ட்ரீனா கேட்டதற்கு, அந்தக் கிளீவ்லாண்ட்காரன் ஐந்து மணிக்குக் கையெழுத்துப் போட வருகிறான், தம்பிக்கும் இதில் பாதிப் பங்கு, அவன் பொறுக்கமாட்டான் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். பாவம், அவள்மேல் என்ன தப்பு.

"காசாத்தானே குடுக்கறேன், உறை எதுக்கு. கத்தரிக்கோல் இருக்கா?" என்று மார்லிஸ் கேட்டாள்.

டொலோரஸ் தயங்கித் தயங்கி இழுப்பறையைத் திறந்தாள். கோழி வெட்டுகிற கத்தரிதான் இருந்தது. மார்லிஸ் அதைக் கையில் வாங்கியதும் அவளையும் மீறி ஒரு சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போயும் விட்டது.

முதல் உறையின் ஓரத்தில் கத்தரியை வைத்தாள். பொய் சொல்வானேன், அவளுக்கும் வலித்தது. இந்த ஒன்று வாங்கின வருஷம் அவள் கோடை விடுமுறையில்கூட முகாம் பிள்ளைகளுக்குச் சமைக்கப் போனாள். கெட்டியான பிளாஸ்டிக், சுலபமாக வெட்டுப்படவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினாள். முறிகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு மேல்பக்கம் நெடுகப் பிளந்தது.

நோட்டு வழுக்கிக்கொண்டு மேஜையில் விழுந்தது. எண்பது தொண்ணூறு வருஷத்துக் காகிதம். விரலால் தொட்டபோது சாதாரண நோட்டு மாதிரிதான் இருந்தது. இத்தனை வருஷம் வீட்டிலேயே இருந்ததை அவள் இன்றைக்குத்தான் தொடுகிறாள்.

அதை எடுத்து டொலோரஸின் பக்கம் நகர்த்தினாள். "ஐந்நூறு," என்றாள்.

ட்ரீனாவின் போன் அடித்தது. அப்பா என்று திரையில் வந்தது. ட்ரீனா எடுத்தாள், கேட்டாள், அம்மாவிடம் நீட்டினாள்.

பின்னால் கொட்டகை இரைச்சல். வெண்டலுக்கு மூச்சு வாங்கியது. மைதானம் முழுக்கத் தேடியிருப்பார் போலிருந்தது.

"பெட்டி உங்கிட்டதானே இருக்கு?"

"இருக்கு."

"எங்க இருக்க?"

"டொலோரஸ் வீட்ல. முன்பணம் கட்டிக்கிட்டு இருக்கேன்."

மனுஷர் கணக்குப் போடுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. பத்து ஐந்நூறு ஐயாயிரம் என்று கண்டுபிடிக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்.

"மார்லிஸ், உறையைப் பிரிச்சிடாத. ஸ்டட்ஸ் வண்டியில இப்பவே கிளம்பறேன். எதையும் பிரிக்கல இல்ல?"

"ஒண்ணு பிரிச்சிட்டேன்."

மார்லிஸ் காத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே சறுக்கல் தளத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஏன் பிரித்தாய் என்று கேட்கட்டும், சொல்லலாம். பைத்தியமா உனக்கு என்று கத்தட்டும், பதிலுக்குக் கத்தலாம். முட்டி எப்படி இருக்கிறது, தனியாகவா ஓட்டிக்கொண்டு போனாய் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், சத்தியமாக இந்தக் கத்தரியைக் கீழே வைத்துவிடுவேன் என்று நினைத்தாள். கையில் இருந்த கத்தரி பாதி திறந்தபடியே இருந்தது.

"எந்த ஊரு?" என்று கேட்டார் வெண்டல்.

மார்லிஸ் போனை அணைக்கவில்லை. அவருக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று அதை மேஜைமேல், ஆப்பிள் பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, இரண்டாவது உறையை எடுத்தாள்.